எந்த ஆஸ்பத்திரியில்?

இராஜபாளையத்திற்கு அருகே சத்திரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே விசைத்தறிகள் நெய்து தள்ளுவது பட்டன்று, பகட்டுச் சேலையன்று. காயத்தின் மேல் சுற்றும் வெண்ணிறக் கட்டுத் துணி. பேண்டேஜ் துணி என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தத் துணி இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போகிறது. கடல் கடந்தும் போகிறது. எங்கோ ஒரு நாட்டில், முகமறியாத ஒருவனின் குருதியை நம் தொழிலாளி நெய்த நூல் தடுத்து நிறுத்துகிறது.

அந்தத் தொழிலாளியே ஒருநாள் அடிபட்டு விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தறியின் பக்கத்தில் அல்ல, சாலையில். இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அது திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை நீளும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. லாரியும் பேருந்தும் ஒன்றையொன்று முந்த விரையும் பாதை. இருட்டில் மோட்டார் சைக்கிள் சரிகிறது. வழியில் போன நல்லவர் ஒருவர் 108ஐ அழைக்கிறார். வண்டி வருகிறது; அவனைத் தூக்கிச் செல்கிறது. டீக்கடையில் நின்றவர் அறிந்தவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, இரவு 9 மணிக்கு அவன் வீட்டு வாசலில் ஒரு குரல் கேட்கிறது.

“அக்கா, மாமாவுக்கு அடிபட்டிருச்சாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்.”

“எந்த ஆஸ்பத்திரியில?”

சொல்ல வந்தவனுக்குத் தெரியாது. அந்தத் தெருவில் எவருக்கும் தெரியாது. இந்த வாரம் நான் எழுத எடுத்துக்கொண்டது அந்த ஒற்றைக் கேள்வியைத்தான்.

இது அரசியலா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஏகாதிபத்தியம், விலைவாசி, தேர்தல், கூட்டணி என்று எழுதவேண்டிய ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கு என்ன வேலை என்று எண்ணக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் தோழர்களே, அரசு என்பது கோட்டையில் மட்டும் இருப்பதன்று. நள்ளிரவில் ஒரு ஏழைத் தாய், கையில் கசங்கிய நூறு ரூபாயும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு ஜன்னலின் முன் நின்று “என் வீட்டுக்காரர் இங்க இருக்காரா?” என்று கேட்கிறாளே, அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பதும் அரசுதான். அவளுக்குக் கிடைக்கும் பதிலில் அந்த அரசின் முகம் தெரிகிறது.

அவள் முதலில் இராஜபாளையத்து அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறாள். அங்கே அவன் இல்லை. திருவில்லிபுத்தூரில் பாருங்கள் என்கிறார்கள். அங்கே போனால், அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தது உண்மைதான், தலையில் காயமாதலால் மேல் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிகிறது. எங்கே அனுப்பினார்கள்? அனுப்பியவர் வேலை முடிந்து போய்விட்டார். மதுரைக்காக இருக்கலாம், விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்காகவும் இருக்கலாம், உறவினர் எவரோ வந்து தனியார் மருத்துவமனைக்கு எடுத்துப்போயிருக்கவும் கூடும். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடந்து, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முன்பு அழைக்கப்பட்ட மதுரை இராஜாஜி மருத்துவமனையின் வாசலில் அவள் விடியற்காலையில் இறங்குகிறாள். நம் மக்களின் நாவில் அது இன்றும் “பெரிய ஆஸ்பத்திரி”தான். அந்தப் பெருமையே அவளுக்கு வினையாகிறது. எத்தனை கட்டடம், எத்தனை வார்டு, எத்தனை படிக்கட்டு! அவன் அங்கேயேதான் கிடக்கிறான். ஆனால் நினைவிழந்து வந்தவன் எப்படித் தன் பெயரைச் சொல்வான்? ஏட்டில் அவன் “பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 40”.

எந்த ஒரு மருத்துவமனையின் மீதும் குற்றஞ்சாட்ட நான் இதைச் சொல்லவில்லை. எந்த மாவட்டத்திலும் எந்த இரவிலும் நடக்கக்கூடியது இது. ஊர்ப்பெயர்களை மாற்றிப்போட்டால் தஞ்சைக்கும் பொருந்தும், தருமபுரிக்கும் பொருந்தும்.

பெயர் தெரியாதவனாம்! எண்ணிப் பாருங்கள். அவன் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறது. ஆதாரில் இருக்கிறது; விரல் ரேகையோடும் கண்ணின் பாவையோடும் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பாகம் எண்ணோடும் வரிசை எண்ணோடும் இருக்கிறது. வங்கிக் கடன் தவணை ஒரு நாள் தப்பினால் அவன் எங்கிருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். கேட்கவும், வாங்கவும், எண்ணவும் அவனை அறிந்திருக்கிற உலகம், அவன் இரத்தம் சிந்திக் கிடக்கும் வேளையில் மட்டும் அவனை அறியாததாகிவிடுகிறது.

உண்மையை மறைக்காமல் பேசுவோம். முன்னேற்றமே நிகழவில்லை என்று சொல்வது பொய். 2008ஆம் ஆண்டு தமிழகத்தில் 108 அவசர ஊர்தி வந்தது. மாட்டு வண்டியிலும் வாடகைக் காரிலும் கொண்டுபோகும்போதே உயிர் போன காலம் ஒன்று இருந்தது. அது பெருமளவுக்கு மாறியது. 2021 டிசம்பரில் “இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48” என்ற திட்டம் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும், கட்டணமின்றிக் கிடைக்க அது வழி செய்தது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவையெல்லாம் மக்கள் வரிப்பணத்தில், மக்கள் இயக்கங்களின் நெடிய கோரிக்கையில் விளைந்தவை. வரவேற்கிறோம்.

ஆனால் இதன் மறுபக்கத்தை எவரேனும் எண்ணினார்களா? ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்த நாளில், அடிபட்டவன் அங்கேதான் இருப்பான். இன்று அவனை ஏற்கக்கூடிய இடங்கள் பல. அருகிலுள்ள அரசு மருத்துவமனை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி, மதுரை என்று வாசல்கள் பெருகிவிட்டன. வாசல்கள் பெருகியது நோயாளிக்கு நன்மை. ஆனால் எந்த வாசல் என்று சொல்லும் நா மட்டும் பெருகவில்லை. உயிரைக் காக்கும் ஏற்பாடு விரிய விரிய, உறவினர் தேடும் பரப்பும் விரிந்துகொண்டே போகிறது. அடிபட்டவனை ஏற்றிச் செல்ல வண்டி வந்தது. அவன் வீட்டாருக்குச் சேதி சொல்ல ஒருவரும் வரவில்லை.

1992ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமுற்றார். கல்கத்தாவில் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அவரை அலைக்கழித்தார்கள்; படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் கை விரித்தன. அவருக்காக வழக்காடியது யார் தெரியுமா? பெருஞ்செல்வர் எவரும் அல்லர். மேற்கு வங்கத்து விவசாயக் கூலித் தொழிலாளர்களின் சங்கம். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அவசர சிகிச்சையை மறுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும். அத்தோடு நில்லாமல், எந்த மருத்துவமனையில் படுக்கை காலியாக உள்ளது என்று அறிந்து நோயாளியை உடனே அங்கே அனுப்ப, மையப்படுத்திய தகவல் தொடர்பு ஏற்பாடு ஒன்று வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நோயாளி எங்கே போகவேண்டும் என்பதற்குத் தகவல் தொடர்பு வேண்டுமென்றால், அவர் எங்கே போனார் என்பதற்கும் வேண்டாமா? ஒரே நூலின் இரு முனைகள் அல்லவா இவை?

அதே 1996ஆம் ஆண்டின் டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. டி.கே.பாசு வழக்கின் தீர்ப்பு. வழக்கறிஞர்களுக்கு மனப்பாடம், போராட்டங்களில் கைதான நம் தோழர்களுக்கும் தெரியும். ஒருவரைக் காவல்துறை கைது செய்தால், அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ, அவர் கைதானதையும் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதையும் தெரிவித்தே ஆகவேண்டும். அந்த உரிமை அவருக்கு உண்டு என்பதையும் அவரிடமே சொல்லவேண்டும். அரும்பெரும் தீர்ப்பு, பல உயிர்களைக் காத்த தீர்ப்பு.

விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் எங்கே இருக்கிறது? திருவில்லிபுத்தூரில். அங்கே ஒருவன் திருட்டு வழக்கில் கைதாகி வந்தால், அவன் எங்கிருக்கிறான் என்று அவன் தாய்க்குச் சொல்லியாயிற்றா என்று நீதிபதி கேட்கலாம். அதே ஊரின் அரசு மருத்துவமனைக்கு அடிபட்டு வந்தவனை மதுரைக்கு அனுப்பினார்களே, அவன் தாய்க்குச் சொல்லியாயிற்றா? அதை எந்த நீதிபதி கேட்பார்? கைதிக்கு உள்ள உரிமை காயம்பட்டவனுக்கு இல்லையா? குற்றஞ்சாட்டப்பட்டவனின் தாய் அறியவேண்டியதை, குற்றமற்றவனின் தாய் அறியவேண்டாமா?

அரசுக்குத் தகவலே தெரியாது என்றால் மன்னிக்கலாம். தெரியும்! விபத்தில் சிக்கியவர் மருத்துவமனைக்கு வந்தவுடன் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்புகிறார்கள். மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது சீட்டு எழுதுகிறார்கள். ஏற்றிச் சென்ற 108 வண்டி, எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது என்று குறித்துக்கொள்கிறது. ஆக, மருத்துவமனை அறியும், காவல்துறை அறியும், வண்டியும் அறியும். காகிதம் காகிதத்தோடு பேசுகிறது, அலுவலகம் அலுவலகத்தோடு பேசுகிறது. மனைவியோடு பேசத்தான் ஆளில்லை.

போர்க்களத்து வழக்கம் இதைவிட மேலானது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கான ஓர் அலுவலகத்தைத் திறந்தது. எதிரியின் கையில் சிக்கியவன், காயமுற்று எதிரியின் மருத்துவமனையில் கிடப்பவன், மாண்டவன் என ஒவ்வொருவரைப் பற்றியும் சிறு அட்டை எழுதி அடுக்கினார்கள். போர் முடியும்போது அந்த அட்டைகள் சுமார் 70 இலட்சம். கணினி இல்லாத காலம். கையால் எழுதிய அட்டைகள்! தாய்மார்களின் கடிதங்கள் அங்கே குவிந்தன, பதில்கள் புறப்பட்டன. 1949இல் உருவான ஜெனீவா உடன்படிக்கையோ, தன் கையில் சிக்கிய எதிரிநாட்டுக் காயமுற்றவனின் அடையாளத்தைப் பதிந்து அவன் தரப்புக்குத் தெரிவிக்கவேண்டியதைச் சட்டக் கடமையாக்கியது. பீரங்கியால் பேசிக்கொள்ளும் பகைவர்களே காயமுற்றவன் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லவேண்டுமாம். பகையே இல்லாத இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் மதுரையும் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவளை நம் மேடைகள் நன்கறியும். மகன் புறமுதுகிட்டான் என்ற சொல் கேட்டு, வாளோடு களம் புகுந்து, கிடந்த பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடினாள் அந்தத் தாய். அவள் தேடியது மகனின் மானத்தை. நம் காலத்துத் தாய் தேடுவது மகனின் மூச்சை. அந்த முதியவளுக்கும் ஒரு வசதி இருந்தது: தேடவேண்டிய களம் ஒன்றே ஒன்றுதான்.

சாலை விபத்தில் ஒரு வீடு தேடுகிறது. பட்டாசு ஆலை வெடித்தால் ஓர் ஊரே தேடுகிறது. அதை நம் மாவட்டத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. முதல் வெடிப்பைக் கேட்டு உதவ ஓடி வந்தவர்களும் அடுத்த வெடிப்பில் மாண்டார்கள். அவர்கள் பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காயமுற்றவர்களை ஒரே இடத்திலா சேர்த்தார்கள்? சாத்தூரிலும் சிவகாசியிலும் மற்ற ஊர்களிலுமாகப் பிரித்துச் சேர்த்தார்கள். பிரித்துச் சேர்ப்பது தவறன்று. தீக்காயத்திற்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். ஆனால் தீப்பட்ட உடலுக்கு முகமும் அடையாளமாகாது, உடுத்த சேலையும் அடையாளமாகாது. தாயைத் தேடும் மகளுக்கு யார் கையில் பட்டியல் இருக்கிறது?

இங்கேதான் வர்க்க நியாயம் வெளிப்படுகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்கு விட்டு வேறொருவர் வேலை வாங்குவார். வேலைக்கு வந்த பெண்களின் பெயர் பல நேரங்களில் எந்த ஏட்டிலும் ஏறாது. ஏறினாலும் அந்த ஏடு வெடிமருந்துக்குப் பக்கத்து அறையில் கிடக்கும். வெடித்தால் அதுவும் சாம்பல். காலையில் அவள் வேலைக்குப் போனாள் என்பதற்கே சான்றில்லை என்றால், மாலையில் அவள் எந்தப் படுக்கையில் கிடக்கிறாள் என்பதற்குச் சான்று எங்கிருந்து வரும்? உழைப்பவளின் பெயரை ஏட்டில் ஏற்றாத முதலாளி, கூலியை மட்டும் திருடவில்லை. அவளைத் தேடும் வழியையும் சேர்த்தே திருடுகிறான்.

மறுப்புகள் வரும். அவற்றையும் கேட்போம்.

மருத்துவர்களும் செவிலியர்களும் ஏற்கெனவே பளு தாங்காமல் தவிக்கிறார்கள், இதையும் அவர்கள் தலையில் ஏற்றுவதா என்பார்கள். நியாயம். அவர்களும் தொழிலாளர்களே. குருதியைத் துடைக்கும் கையைப் பிடித்து இழுத்து, தொலைபேசியை எடு என்று நாம் சொல்லவில்லை. அதற்கென்று ஆள் போடு என்கிறோம். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, இரவும் பகலும் மாறி மாறி அமரும் சிலர். இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை.

நோயாளியின் அந்தரங்கம் என்ன ஆவது என்பார்கள். அதுவும் நியாயமே. அடித்துத் துரத்தும் கணவனுக்குத் தப்பி வந்து படுத்திருக்கும் பெண்ணின் பெயரைச் சுவரில் ஒட்டச் சொல்லவில்லை. நினைவோடு இருப்பவரிடம், யாருக்குச் சொல்லவேண்டும், யாருக்குச் சொல்லக்கூடாது என்று கேட்டு அதன்படி நடக்கட்டும். நினைவிழந்து கிடப்பவர் பொருட்டு, தேடி வருபவரின் உறவை உறுதி செய்துகொண்டு சொல்லட்டும். அந்தரங்கம் என்ற நல்ல சொல், பதில் சொல்லாமல் தப்பிப்பதற்கான போர்வையாகிவிடக் கூடாது என்பதே நம் கவலை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண். விபத்தில் சிக்கி எந்த மருத்துவமனையில் எவர் சேர்ந்தாலும், அரசானாலும் தனியாரானாலும், அந்தத் தகவல் உடனே அங்கே சேரவேண்டும். தேடுபவர் ஊர் ஊராகப் போகாமல், அந்த எண்ணைக் கேட்டால் போதும் என்ற நிலை வேண்டும். பக்கத்து மாவட்ட எண்களோடும் அதற்குத் தொடர்பு வேண்டும். நம் மாவட்டத்தில் விழுந்தவன் மதுரையில் அல்லவா கிடக்கிறான்!

இரண்டு: ஒரு நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும் மருத்துவமனை, எங்கே, எப்போது, எந்த வண்டியில் அனுப்பியது என்பதை ஏட்டில் எழுதி, வாசலிலேயே சொல்லவேண்டும். வீட்டாரின் தொலைபேசி எண் கிடைத்தால் தானே அழைத்துச் சொல்வது அதன் கடமையாக்கப்பட வேண்டும்.

மூன்று: பட்டாசு ஆலை ஒவ்வொன்றிலும், அன்றன்று வேலைக்கு வந்தவர் பெயரும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலின் படி ஒன்று, வெடிமருந்துக் கட்டடங்களுக்கு அப்பால், கிராம நிர்வாக அலுவலரிடமோ காவல் நிலையத்திடமோ காலையிலேயே சேரவேண்டும். உள்குத்தகைக்கு முடிவு கட்டவேண்டும்.

நான்கு: பெயர் தெரியாதவராகச் சேர்க்கப்பட்டவரின் வயது, உடை, அங்க அடையாளம், கண்டெடுத்த இடம் ஆகியவை அன்றிரவே சுற்றுப்புறக் காவல் நிலையங்கள் அனைத்திற்கும் போகவேண்டும். தேடி வரும் மனைவி காவல் நிலையத்தில் காத்து நிற்கக்கூடாது. பட்டியல் அவளுக்காகக் காத்திருக்கவேண்டும்.

இவற்றை அரசிடம் கேட்போம். கேட்டுப் பெறும் வரை ஓயமாட்டோம். ஆனால் தோழர்களே, அதுவரை நாம் என்ன செய்யப்போகிறோம்?

நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும் துணிவு வேண்டும். தேர்தல் நாளன்று எந்த வீட்டில் எத்தனை வாக்கு, யார் வந்தார், யார் வரவில்லை, யார் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்பது நம் வாக்குச்சாவடித் தோழருக்கு விரல் நுனியில் இருக்கிறது. வராதவர் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்து வருகிறோம். ஒரு வாக்கைத் தேடிக் கண்டுபிடிக்கும் நமக்கு, அந்த வாக்கின் சொந்தக்காரன் அடிபட்டு மறைந்த இரவில் அவனைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

இராஜபாளையத்தில் இரண்டு தோழர்கள், திருவில்லிபுத்தூரில் இரண்டு தோழர்கள், சிவகாசியில் இருவர், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அருகே வசிக்கும் இருவர். ஒருவர் எண் மற்றவரிடம் இருக்கட்டும். எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும், அது எந்தக் கட்சி வீடு என்று கேட்காமல், தத்தம் ஊர் மருத்துவமனைக்குப் போய் விசாரித்து அரைமணியில் பதில் சொல்லட்டும். சிகிச்சையில் குறுக்கிட வேண்டாம். ஊழியரோடு சண்டையிட வேண்டாம். கொடி வேண்டாம், படம் பிடித்துப் போடவும் வேண்டாம். “இங்கே இருக்கிறார், மூச்சு இருக்கிறது, வாருங்கள் அம்மா” என்ற சேதி போதும். அல்லது “இங்கே இல்லை, நீங்கள் வரவேண்டாம், அடுத்த ஊரில் கேட்கிறோம்” என்ற சேதி போதும். ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் வீடு வீடாகச் சென்று இன்னொன்றையும் சொல்லட்டும்: சட்டைப் பையில் ஒரு சீட்டு, அதில் பெயர், ஊர், வீட்டாரின் எண். பூட்டிக் கிடக்கும் கைபேசி பேசாது. அந்தச் சீட்டு பேசும்.

தொண்டு செய்வது அரசின் பொறுப்பைத் தட்டிக் கழிக்க உதவும் என்று அஞ்சவேண்டாம். ஓராண்டு இதைச் செய்து, எத்தனை வீடு தேடியது, எத்தனை மணி நேரம் தேடியது என்று ஏட்டில் எழுதுங்கள். அந்த ஏட்டோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். தாயின் அலைச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாததால்தான் அது இல்லாததாகக் கருதப்படுகிறது. அதை ஏட்டில் ஏற்றுவது நம் வேலை.

சத்திரப்பட்டித் தறிகள் இன்றிரவும் ஓடும். அங்கே நெய்யப்படும் கட்டுத் துணி, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதை மூட்டையின் மேல் எழுதித்தான் அனுப்புகிறார்கள். அது வழி தவறுவதில்லை. துணி போகும் இடம் தெரிந்த நாட்டில், அதை நெய்தவன் கிடக்கும் இடமும் தெரியட்டும். “எந்த ஆஸ்பத்திரியில?” என்று அவன் மனைவி கேட்கும்போது, பதில் சொல்ல ஒரு குரல் இருக்கட்டும். அரசின் குரலாக அது ஒலிக்கும் நாள் வரை, தோழர்களே, அது உங்கள் குரலாக இருக்கட்டும்.